கெட்டின் ஸ்கொயர்: பஸ் காசு கேட்ட சாட்சி

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2003ல் ஆஸ்திரேலியாவில் வெளியான 'கெட்டின் ஸ்கொயர்' எனக்கு ரொம்பப் பிடித்த படம், ஆனால் திரைக்கதை பிரமாதம் என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவேன். கதை நாலு பக்கமும் இழுத்துக்கொண்டு ஓடுகிறது, காதல் பகுதி வரும்போதெல்லாம் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம், யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்பது பாதிப் படம் வரைக்கும் பிடிபடாது. அப்படியும் இதைப் பார்க்கச் சொல்கிறேன் என்றால் ஒரே காரணம்தான். போலீஸ் லஞ்சத்தை வைத்துக் காமெடி பண்ணுகிற படங்கள் பெரும்பாலும் தொடாத ஓர் இடத்தை இது தொடுகிறது: லஞ்சம் வாங்குகிற போலீஸும் சரி, அந்த லஞ்சத்தை விசாரிக்க வந்த கமிஷனும் சரி, அடிமட்டத்தில் கிடக்கிறவனுக்கு இரண்டும் ஒரே தலைவலி.

இடம் குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் கோல்ட் கோஸ்ட். அலைச்சறுக்கு, தீம் பார்க், கடலைப் பார்த்து வரிசையாக நிற்கும் உயரமான ஃபிளாட்டுகள், கூடவே எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்காத பணம். பேரி என்கிற இளைஞன் பரோலில் வெளியே வருகிறான், இனிமேல் வம்பு வேண்டாம், ஒழுங்காக வேலை பார்த்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறான். இந்த வேடத்தில் சாம் வொர்திங்டன், 'அவதார்' வருவதற்கு ஆறு வருடம் முன்னால். வேலை கொடுக்கிறவர் டப்பா என்கிற பழைய ரவுடி, இப்போது உணவகம் நடத்துகிறார். நடித்திருப்பவர் இங்கிலாந்துக்காரர் திமோத்தி ஸ்பால். டப்பாவின் பணத்தின் மேல் விசாரணைக் கமிஷன் கண் வைத்திருக்கிறது. பேரியை விடமாட்டேன் என்று ஒரு துப்பறியும் அதிகாரி பின்னாலேயே சுற்றுகிறார், அவருக்கும் சிக்கா மார்ட்டின் என்கிற இன்னொரு ரவுடிக்கும் கொடுக்கல் வாங்கல். நடுவில் ஸ்பிட் என்று ஒரு போதை அடிமை. எல்லோருக்கும் கடன்பட்டவன், எல்லோரிடமும் பொய் சொன்னவன், எல்லோரும் தேடுகிறவன்.

கதை இவ்வளவு போதும். படமே ஸ்பிட்டுடையதுதான்.

ஸ்பிட்டாக நடித்தவர் டேவிட் வென்ஹம். பெயர் தெரியாவிட்டாலும் முகம் தெரிந்திருக்கும், 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படங்களில் ஃபாரமிராக வந்தவர், அந்தக் கம்பீரமான சோகமான இளவல். அதன் இரண்டாம் பாகம் 2002 டிசம்பரில் வந்தது, மூன்றாம் பாகம் 2003 டிசம்பரில். இரண்டுக்கும் நடுவில் அக்டோபரில் இந்தப் படம். முன்னால் குட்டையாகவும் பின்னால் தோள்வரைக்கும் தொங்குகிற முடி, உடம்போடு ஒட்டிய ஜீன்ஸ், காலில் ரப்பர் செருப்பு, எதையோ மறந்துவிட்டவன் மாதிரி எப்போதும் பாதி திறந்த வாய். அந்தச் செருப்போடு போலீஸிடமிருந்து ஓடுகிற காட்சி ஒன்று இருக்கிறது. ஹவாய் செருப்பு போட்டு ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஓடுவதற்கு முன் விரல்களால் வாரை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும், அப்போது முழங்கால் சரியாக மடங்காது, இடுப்பு தனியாக ஆடும். வென்ஹம் அந்த ஓட்டத்தை அப்படியே ஓடுகிறார். ஒரு நடிகன் உடம்பை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு ஆளின் மொத்த வாழ்க்கையையும் சொல்லிவிட முடியும் என்பதற்கு அந்த ஓட்டம் போதும்.

ஆனால் படத்தை இன்றைக்கும் உயிரோடு வைத்திருப்பது கமிஷன் விசாரணைக் காட்சிதான். ஸ்பிட்டுக்குச் சம்மன் வருகிறது. சாட்சிக் கூண்டில் உட்கார வைக்கிறார்கள். கமிஷன் தரப்பு வழக்கறிஞர் ஒரு பெரிய மீனைப் பிடிக்கப்போகிற உற்சாகத்தில் கேள்விகளை அடுக்குகிறார். ஸ்பிட்டின் கவலை வேறு. பஸ்ஸில் வந்திருக்கிறான், திரும்பிப் போகவும் பஸ்தான், அந்தக் காசை யார் தருவார்கள்? வழக்கறிஞர் கேள்விக்குப் போக, இவன் பஸ்ஸுக்குப் போக, அவர் பெயர்களைக் கேட்க, இவன் காசை எங்கே வாங்கிக்கொள்ள வேண்டும் என்று கேட்க, அறையில் இருக்கிற எல்லோருடைய பொறுமையும் ஒவ்வொரு நூலாக அறுகிறது. வென்ஹம் ஒரு இடத்தில்கூட கண்ணடிக்கவில்லை, பார்வையாளரைப் பார்த்து நாம் ரெண்டு பேரும் கூட்டாளி என்கிற சாடை காட்டவில்லை. அவன் நிஜமாகவே பஸ் காசைப் பற்றித்தான் யோசிக்கிறானா, அல்லது அந்த அறையிலேயே பெரிய புத்திசாலி அவன்தானா என்று கடைசிவரை முடிவுக்கு வர முடியாது.

இந்தக் காட்சி ஏன் இவ்வளவு கச்சிதமாக இருக்கிறது என்றால், எழுதினவர் கிறிஸ் நிஸ்ட். கோல்ட் கோஸ்டில் கிரிமினல் வழக்குகளை நடத்துகிற வழக்கறிஞர். இந்த மாதிரி ஆட்களைத் தினமும் பக்கத்தில் உட்கார வைத்துப் பழகியவர். ஊழல் விசாரணைக் கமிஷன்களின் விதிமுறை சாதாரணக் கோர்ட் மாதிரி கிடையாது. எனக்கு எதிராக நானே சாட்சி சொல்லமாட்டேன் என்று வாயை மூடிக்கொள்ளும் உரிமை அங்கே செல்லாது. பதில் சொல்லியே ஆகவேண்டும், மறுத்தால் அதுவே குற்றம். பொய் சொன்னால் அதுவும் குற்றம். உண்மையைச் சொன்னாலோ வெளியே காத்திருக்கிற ரவுடி உயிரோடு விடமாட்டான். சரி, மிச்சம் என்ன இருக்கிறது? நேரத்தைக் கடத்துவது ஒன்றுதான். சாட்சிப் படி கேட்பது எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை. ஒரு காமெடி எழுத்தாளர் இந்தக் காட்சியை எழுதியிருந்தால் ஸ்பிட் ஜோக் அடித்திருப்பான். வழக்கறிஞர் எழுதியதால் அவன் சட்டத்தில் இருக்கிற ஒரே ஓட்டையில் தலையை நுழைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிடுகிறான்.

இதையெல்லாம் முழுதாக ரசிக்கக் குவீன்ஸ்லாந்தின் பழைய கதை கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லது. 1987 மே மாதம் ஆஸ்திரேலியாவின் பொதுத்துறைத் தொலைக்காட்சியான ஏபிசியில் கிறிஸ் மாஸ்டர்ஸ் என்ற பத்திரிகையாளர் 'தி மூன்லைட் ஸ்டேட்' என்று ஒரு நிகழ்ச்சி செய்தார். மாநிலத் தலைநகர் பிரிஸ்பேனில் விபச்சார விடுதிகளும் சூதாட்டக் கிளப்புகளும் போலீஸ் பாதுகாப்போடு நடக்கின்றன என்று கேமராவோடு காட்டினார். கூரியர் மெயில் நாளிதழில் ஃபில் டிக்கி அதற்கு முன்பே எழுதிக்கொண்டிருந்தார். மாநிலத்தின் முதல்வர் ஜோ பியெல்கே பீட்டர்சன் ஊரில் இல்லாத நேரம், அவருக்குப் பதிலாகப் பொறுப்பில் இருந்த பில் கன் உடனே விசாரணைக்கு உத்தரவு போட்டுவிட்டார். சீக்கிரம் முடிந்துவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். டோனி ஃபிட்ஸ்ஜெரால்டு தலைமையில் அது இரண்டு வருடம் ஓடியது, அறிக்கை 1989 ஜூலையில் வந்தது. லஞ்சப் பணத்தை வசூல் பண்ணி மேலே கொண்டுபோய்ச் சேர்த்த முன்னாள் போலீஸ்காரர் ஜாக் ஹெர்பர்ட் லண்டனுக்கு ஓடி, பிடிபட்டு, தண்டனை கிடையாது என்ற உத்தரவாதத்தோடு திரும்பி வந்து எல்லாவற்றையும் சொன்னார். போலீஸ் கமிஷனராக இருந்த டெர்ரி லூயிஸுக்கு 1991ல் 14 வருடச் சிறை, அப்புறம் 'சர்' பட்டமும் பறிபோனது. முன்னாள் மந்திரிகளும் சிறைக்குப் போனார்கள். 32 வருடமாக ஆட்சியில் இருந்த நேஷனல் கட்சி அந்த 1989 டிசம்பரிலேயே தோற்றது. இத்தனை பெரிய வசூல் ஏற்பாட்டுக்குப் போலீஸுக்குள் அவர்களே வைத்துக்கொண்ட பெயர் 'தி ஜோக்'.

அதற்குப் பிறகுதான் அந்த மாநிலத்தில் நிரந்தரமான ஊழல் கண்காணிப்பு அமைப்பு வந்தது. பெயர் மாறி மாறி இப்போதும் இருக்கிறது. படம் நடக்கிற காலம் அந்தச் சுத்திகரிப்பெல்லாம் நடந்து முடிந்த பிறகு. கமிஷனுக்குக் குளிர்சாதன அறை இருக்கிறது, ஒலிப்பதிவு இருக்கிறது, நல்ல சூட் போட்ட வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். ஆனால் தெருவில் அந்தத் துப்பறியும் அதிகாரி அப்படியேதான் இருக்கிறார். டீவியர்ஸ் என்ற அந்தப் பாத்திரத்தில் டேவிட் ஃபீல்ட். கொஞ்சம் கரகரத்த குரல், அவசரமே இல்லாத நடை. சம்பளம் ஒரு பக்கம், சிக்கா தருவது ஒரு பக்கம், இரண்டுமே மாதாமாதம் வருகிற வருமானம் என்கிற தோரணை. மனசாட்சி உறுத்துகிற காட்சியெல்லாம் அவருக்குக் கிடையாது. நல்லவேளை. சிக்காவாக வரும் கேரி ஸ்வீட்டைப் பற்றியும் ஒரு வரி சொல்ல வேண்டும். 'போலீஸ் ரெஸ்க்யூ' என்ற தொடரில் ஆட்களைக் காப்பாற்றும் போலீஸ் நாயகனாக ஆஸ்திரேலிய வீடுகளுக்குள் வந்தவர் அவர். அந்த முகத்தைக் கூப்பிட்டு ரவுடியாக உட்கார வைத்திருப்பது அந்த ஊர் ரசிகர்களுக்காகவே செய்த குறும்பு.

இனி குறைகள். அப்போது இந்தப் படத்தை ஏற்காதவர்கள் சொன்னதில் நியாயம் நிறைய இருக்கிறது. 1999ல் 'டூ ஹாண்ட்ஸ்', 2000ல் 'சாப்பர்', 2002ல் 'டர்ட்டி டீட்ஸ்', அதே வருடம் 'தி ஹார்டு வேர்டு' என்று ஆஸ்திரேலிய சினிமா சில வருடமாகவே ரவுடிகளை வைத்துத்தான் பிழைத்துக்கொண்டிருந்தது. அந்த வரிசையில் இன்னொன்று என்றதும் பலருக்குச் சலிப்பு. வேடிக்கைப் பெயர் வைத்த ரவுடி, பணம் உள்ள பை, ஒருவரை ஒருவர் ஏமாற்றும் திட்டம், கடைசியில் எல்லாக் கணக்கும் நேராகிவிடும் முடிவு, இவையெல்லாம் லண்டன் ரவுடிப் படங்களிலிருந்து இறக்குமதியான சரக்கு. கிளைமாக்ஸ் திட்டம் எப்படி வேலை செய்தது என்று படம் முடிந்ததும் யோசித்தால் இரண்டு மூன்று இடத்தில் இடிக்கும். இயக்குனர் ஜோனதன் டெப்ளிட்ஸ்கிக்குப் பேரியின் குடும்பச் சோகத்தை உண்மையாகவே சொல்ல ஆசை. ஆனால் அந்தச் சோகத்துக்கு அடுத்த நிமிடமே ஸ்பிட் வந்து விழுகிறான், இரண்டு பக்கமும் அடி வாங்குகிறது. பேரிக்கும் பரோல் அதிகாரிக்கும் நடுவே வருகிற ஈர்ப்பு, யாரோ தயாரிப்பாளர் கேட்டதற்காகச் சேர்த்த மாதிரியே இருக்கிறது (அப்படிக் கேட்டார்களா என்று தெரியாது, என் சந்தேகம்தான்). வொர்திங்டன் மோசமில்லை, ஆனால் பக்கத்தில் வென்ஹம் நிற்கிற ஃபிரேமில் அவரை யாரும் பார்ப்பதில்லை. கதாநாயகனைவிடத் துணைப் பாத்திரம் பத்து மடங்கு சுவாரசியம் என்றால் அது எழுத்தில் இருக்கிற பிரச்சினை.

அப்படியும் ஆஸ்திரேலியத் திரைப்பட நிறுவன விருதில் அந்த வருடம் நிறையப் பிரிவுகளில் பரிந்துரை. பெரும்பாலானவற்றை 'ஜப்பனீஸ் ஸ்டோரி' அள்ளிக்கொண்டு போனது, வென்ஹமுக்குச் சிறந்த நடிகர் விருது மட்டும் தப்பவில்லை. கதாநாயகனாக நடித்தவரை விட்டுவிட்டு ஸ்பிட்டுக்குச் சிறந்த நடிகர் விருதைக் கொடுத்தது சரியான தீர்ப்பு. தியேட்டரில் பெரிதாக ஓடவில்லை. அப்புறம் டிவிடியிலும் தொலைக்காட்சியிலும், பிறகு அந்த விசாரணைக் காட்சி தனியாக இணையத்தில் சுற்றியும்தான் படத்துக்கு இன்றைய ரசிகர் கூட்டம் சேர்ந்தது.

அதே 2003ல் சில மாதம் முன்னால் மெல்போர்னிலிருந்து 'பேட் எக்ஸ்' வந்தது. அதுவும் போலீஸ் ஊழல் காமெடிதான். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒன்று புரியும். டோனி மார்ட்டின் எழுதி இயக்கியது, மிக் மொல்லாய், பாப் ஃபிராங்க்ளின், ஜூடித் லூசி என்று எல்லோரும் வானொலி, தொலைக்காட்சிக் காமெடியிலிருந்து வந்தவர்கள். முந்தின வருடம் மொல்லாயின் 'கிராக்கர்ஜாக்' வசூலில் பின்னி எடுத்திருந்ததால் எதிர்பார்ப்பு எகிறிக்கிடந்தது. மெல்போர்ன் இருக்கிற விக்டோரியா மாநிலப் போலீஸின் 'ஸீரோ டாலரன்ஸ் யூனிட்' என்ற கற்பனைப் பிரிவில் இரண்டு துப்பறிவாளர்கள், ஏற்கெனவே செத்துப்போன ஒரு மாஜிஸ்ட்ரேட்டை ஊரே பார்க்கத் தாங்களே கொன்ற மாதிரி ஆக்கிவிட்டு, பதவி இறங்கி மறுபடியும் காக்கி போடுகிறார்கள். காக்கி என்று பழக்கதோஷத்தில் எழுதிவிட்டேன், அங்கே நீலம். அப்படியே மேலிடத்து ஊழலில் போய் முட்டிக்கொள்கிறார்கள்.

வசனங்கள் சிரிக்க வைக்கின்றன, அதுவும் சத்தமே இல்லாமல் போகிற போக்கில் விழுகிற வசனங்கள். பாப் ஃபிராங்க்ளினின் வாடிய முகத்துக்காகவே ஒருமுறை பார்க்கலாம். அதற்கும் அன்றைக்கு வரவேற்பு இரண்டாகப் பிரிந்தது. தொலைக்காட்சித் துணுக்குகளைச் சேர்த்துத் தைத்த மாதிரி இருக்கிறது என்று ஒரு கட்சி, ஆஸ்திரேலியக் காமெடியில் இவ்வளவு நிதானமான வறட்டு நகைச்சுவை வந்ததில்லை என்று இன்னொரு கட்சி. நான் முதல் கட்சிக்கு ஓட்டுப் போடுவேன், கொஞ்சம் வருத்தத்தோடு. ஏனென்றால் அந்த நேரத்து மெல்போர்ன் சாதாரண ஊர் இல்லை. போதைத் தடுப்புப் பிரிவையே ஊழல் காரணமாக 2001ல் கலைத்திருந்தார்கள். ரவுடிக் கும்பல்கள் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டிருந்தார்கள். படம் வருவதற்குச் சில வாரம் முன்னால், குழந்தைகளின் கால்பந்துப் பயிற்சி நடந்த இடத்தில், வேனுக்குள் இருந்த இரண்டு பேரைப் பட்டப்பகலில் சுட்டுக் கொன்றார்கள். வெளியே இப்படி எரியும்போது 'பேட் எக்ஸ்' காட்டுகிற ஊழல், சதித்திட்டம் போடுகிற சில கெட்டவர்களின் ஊழல். அவர்களைக் கண்டுபிடித்தால் வேலை முடிந்தது. 'கெட்டின் ஸ்கொயர்' காட்டுகிற ஊழலை யாரும் கண்டுபிடிக்கவே வேண்டாம், எல்லோருக்கும் தெரியும், எந்த பாரில் எந்த அதிகாரி உட்கார்ந்திருப்பார் என்பது உட்பட. திரைக்கதை ஒழுங்கில் 'பேட் எக்ஸ்' ஒரு படி மேல், ஆனாலும் மறுபடி மறுபடி போட்டுப் பார்ப்பது மற்றதைத்தான்.

22 வருடம் கழித்து, 2025ல், அதே நிஸ்ட் எழுதி, அதே டெப்ளிட்ஸ்கி இயக்கி, அதே வென்ஹம் நடித்து 'ஸ்பிட்' வந்தது. முடி அதே, செருப்பு அதே. வெளிநாட்டில் ஒளிந்திருந்தவன் போலிப் பாஸ்போர்ட்டில் ஆஸ்திரேலியா திரும்பி, குடிவரவு தடுப்பு முகாமில் அடைபடுகிறான். அங்கே இருக்கிற அகதிகளுக்கு ஆஸ்திரேலியனாக இருப்பது எப்படி என்று பாடம் எடுக்கிறான். பழைய பகையாளிகள் மோப்பம் பிடித்து வருகிறார்கள். இதற்கும் கலவையான வரவேற்புதான். வென்ஹமைத் திட்டினவர்கள் யாரையும் நான் பார்க்கவில்லை, கதை மெலிசு என்று சொல்லாதவர்களையும் பார்க்கவில்லை.

தடுப்பு முகாமைக் காமெடிக்குக் களமாக எடுத்தது துணிச்சல்தான், ஏனென்றால் அந்த நாட்டில் அது சிரிப்பு வருகிற விஷயமே இல்லை. குவீன்ஸ்லாந்தின் பிலோயிலா என்ற சின்ன ஊரிலிருந்து ஒரு இலங்கைத் தமிழ்க் குடும்பத்தை 2018 மார்ச்சில் விடியற்காலையில் தூக்கிக்கொண்டு போய், மெல்போர்ன் முகாம், கிறிஸ்மஸ் தீவு என்று நாலு வருடத்துக்கு மேல் அலைக்கழித்து, ஊர்க்காரர்கள் விடாமல் போராடியதால் 2022 ஜூனில்தான் வீட்டுக்கு விட்டார்கள். அதை அறிந்த நமக்கு அந்த முகாம் காட்சிகளில் சிரிப்பு தொண்டையில் கொஞ்சம் நிற்கும். படத்துக்கு நல்லெண்ணம் இருக்கிறது, அகதிகளை மனிதர்களாகக் காட்டுகிறது, எல்லாம் சரி. ஆனால் ஸ்பிட்டுக்குக் கைதட்ட வேண்டிய வகுப்பறையாகவே அவர்கள் பெரும்பாலும் உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் படத்தில் அதிகாரத்தின் முன்னால் நிற்கிற ஏமாளி ஸ்பிட், அதனால் அவன் பக்கம் நின்றோம். இங்கே அவனைவிடப் பரிதாபமானவர்கள் சுற்றி இருக்கும்போது அவனுடைய பஸ் காசுக் கவலை அவ்வளவு வேலை செய்யவில்லை. லஞ்சப் போலீஸ் கதையும் இதில் பழைய பாக்கியாகத்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பார்க்கப்போகிறவர்களுக்குச் சில விஷயம். சப்டைட்டில் கட்டாயம், ஸ்பிட் பேசுவது பாதி மூக்கிலேயே நின்றுவிடும், ஆங்கிலப் படம் நிறையப் பார்த்துப் பழகியவர்களுக்கும் முதல் கால் மணி நேரம் காது பிடிக்காது. கெட்ட வார்த்தை காற்றைப் போல வரும், ஊசி போட்டுக்கொள்கிற காட்சிகள் உண்டு, வீட்டில் பெரியவர்கள் குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கிற படம் கிடையாது. விசாரணைக் காட்சியை மட்டும் இணையத்தில் தனியாகப் பார்த்துவிட்டுப் போதும் என்று நினைக்காதீர்கள். அதற்கு முன் அவனை எத்தனை பேர் எத்தனை விதமாக மிரட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்து பார்த்தால் அந்தப் பஸ் காசு வேறு மாதிரிக் கேட்கும். 'ஸ்பிட்' பார்க்க ஆசை இருந்தால் முதல் படத்தைப் பார்த்து ஒரு வாரமாவது இடைவெளி விட்டுப் பாருங்கள், அடுத்தடுத்துப் பார்த்தால் ஒப்பிட்டே நொந்துபோவீர்கள். 'பேட் எக்ஸ்' எங்காவது கிடைத்தால், நண்பர்கள் நாலு பேர் கூடிய இரவில் போடுங்கள், தனியாகப் பார்க்க அவ்வளவு எடுபடாது.